பழைய மின்சாரக் கார்: விலை பேசும் முன் பேட்டரியை அறிவோம்

பழைய பெட்ரோல் கார் வாங்கும்போது நாம் இஞ்சின் ஓசையைக் கேட்கிறோம், புகையைப் பார்க்கிறோம், ஓடிய கிலோமீட்டரை வைத்து விலை பேசுகிறோம். மின்சாரக் காரில் ஓசையும் இல்லை, புகையும் இல்லை. அதன் மதிப்பில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்தில் இருக்கும் பேட்டரியில் அடங்கியுள்ளது. ஆகவே, பேட்டரியின் நலத்துக்கு எழுத்துவடிவில் சான்று பெறாமல் முன்பணம் கொடுப்பது சேமிப்பைப் பணயம் வைப்பதாகும்.

முதலில், கொள்ளளவை உறுதி செய்துகொள்ள வேண்டும். 2022-இல் அறிமுகமான டாடா டியாகோ இவி 19.2 யூனிட், 24 யூனிட் என இரு கொள்ளளவுகளில் விற்பனைக்கு வந்தது. தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், வாகன ஆவணங்களில் உள்ள மாடல் விவரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது, பேட்டரியின் நலம். புதிதாக இருந்தபோது கொண்ட மின்சாரத்தில் இப்போது எத்தனை சதவீதம் கொள்கிறது என்பதே இந்த அளவு. 24 யூனிட் பேட்டரியின் நலம் 85 சதவீதம் என்றால், அது இன்று கொள்வது 20.4 யூனிட் மட்டுமே. ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால், 192 கிலோமீட்டர் ஓடிய கார் இனி 163 கிலோமீட்டர் ஓடும். நம் அன்றாடப் பயணத்துக்கு அது போதுமா என்பதே கேள்வி. போதுமெனில், குறைந்த நலத்துக்கேற்ற குறைந்த விலையைக் கேட்கலாம்.

இச்சோதனையை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் செய்து, தேதியும் சேசிஸ் எண்ணும் உள்ள அறிக்கையாகப் பெற வேண்டும். வண்டி வெள்ளத்தில் நின்றதா, விபத்தில் அடித்தளம் அடிபட்டதா என்பதைச் சேவைப் பதிவேட்டிலும் காப்பீட்டு இழப்பீட்டு விவரங்களிலும் பார்க்கலாம்.

மூன்றாவது, உத்தரவாதம். டியாகோ இவி பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கப்பட்டது. அது இரண்டாம் உரிமையாளருக்கும் தொடருமா, இதுவரையான சேவைகள் உரிய காலத்தில் செய்யப்பட்டுள்ளனவா என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

கடன் பெறுவோர் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2023-இல் வாங்கப்பட்ட காரின் உத்தரவாதம் 2031-இல் முடிகிறது. அதை 2026-இல் வாங்கி 7 ஆண்டுத் தவணை எடுத்தால், கடன் 2033 வரை நீளும். கடைசி இரண்டு ஆண்டுகளில் பேட்டரி பழுதானால், தவணையும் பழுதுச் செலவும் ஒருசேர நம்மீது விழும். உத்தரவாதம் முடியும் முன்பே கடன் தீருமாறு தவணைக் காலத்தை அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இறுதியாக ஆவணங்கள். பதிவுச் சான்றிதழில் வேறொரு வங்கியின் பெயர் இருந்தால், அவ்வங்கியின் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் தேவை. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

பேட்டரி அறிக்கை, உத்தரவாத விவரம், ஆவணங்கள் ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின் விலை பேசுவோம். இவற்றைத் தரத் தயங்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாயினும், அந்தக் காரை விட்டுவிடுவதே நலம்.