பெறுபேறு வரும் இரவு

இலங்கையில் தற்கொலை வீதம் உச்சத்தைத் தொட்டது 1995இல். இலட்சம் பேரில் 47 பேர் என்ற அந்தக் கணக்கு அன்று உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இளவயதினர் பெருமளவில் அதில் அடங்கினர். அடுத்த 20 ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. புத்திமதி சொல்லி இறக்கியதல்ல. கடும் நச்சுப் பூச்சிநாசினிகளை 1984 தொடக்கம் படிப்படியாகத் தடைசெய்ததே முதன்மைக் காரணம். தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவும் 1998இல் நீங்கியது. வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை குறையவில்லை. பிழைத்தோர் தொகைதான் கூடியது. பதின்ம வயதினர் விடயத்தில் இப்படிப் பிழைப்பது இன்னும் முக்கியம். ஒரு ஏச்சு, ஒரு சண்டை, சிறிது நேரக் கொந்தளிப்பு. அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வடக்கின் கோடு வேறு விதமாக வளைந்தது. போர் உக்கிரமடைந்தபோது யாழ்ப்பாணத்தில் வீதம் தாழ்ந்ததையும், ஓய்ந்தபோது ஏறியதையும் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பதிவுசெய்திருக்கிறார். பங்கருக்குள் ஒன்றாக இருந்த குடும்பம் வெளியே வந்தபின் தனித்தனியாகிவிடுகிறது. 1990இல் காங்கேசன்துறையை விட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் மல்லாகம், கோணப்புலம் முகாம்களில் வளர்ந்தார்கள். படையினர் வசமிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டு, 2015இல் ரயிலும் துறைவரை வந்தது. இழந்த வளவு, தோட்டம், சீமெந்து ஆலை வேலை எல்லாவற்றுக்கும் ஈடாகப் பெற்றோர் கையில் எஞ்சியது பிள்ளையின் படிப்பு ஒன்றுதான்.

அந்தப் பாரத்தைக் காங்கேசன்துறை வீதியிலேயே பார்க்கலாம். ரியூட்டறி வாசலில் ஆளுயரப் பதாகை. அதில் சாதாரணதரத்தில் '9ஏ' எடுத்தவர்களின் முகங்கள் வரிசையாக. உயர்தர 'மூன்று ஏ'க்காரருக்குத் தனிப் பதாகை. மற்றப் பிள்ளைகள் தினமும் அதன் கீழேதான் சைக்கிளை விடுகிறார்கள். பிள்ளைகளின் தற்கொலைக்குக் கைப்பேசியும் காதலும் குடும்பப் பிணக்கும்தான் காரணம் என்போரும் உண்டு. எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் இல்லை என்பது சரி. ஆனால் பரீட்சை, நாள் குறித்து வரும் நெருக்கடி. முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கக்கூடியது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் தவறியவர் சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். இங்கே உயர்தரத்தில் சறுக்கியவருக்கு அடுத்த வாய்ப்பு ஏறக்குறைய ஓராண்டு தள்ளி.

முன்பு பெறுபேறு பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. அழுதாலும் பக்கத்தில் சிநேகிதியோ ஆசிரியரோ இருந்தார்கள். இப்போது பிள்ளை அறைக்குள் தனியே சுட்டெண்ணைத் தட்டிப் பார்க்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தெல்லிப்பழை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பதாகை தொங்கும் சுவரில் இந்த இலக்கத்துக்கும் இடம் இருக்கிறது.