திரும்பி வந்த சகோதரன்

பல்லாண்டுகளுக்கு முன் மறைந்துபோன சகோதரன் ஒருநாள் திரும்பி வருகிறான். அவன் உண்மையானவனா, போலியா? இக்கேள்வியை வைத்து எழுந்த மர்ம நாவல்கள் பல. நாவலில் கடைசி அத்தியாயம் முடிச்சை அவிழ்த்துவிடும்; வாழ்க்கையில் அதை அவிழ்ப்பது யார்? கொல்கத்தாவில் உயிரியல் பயிலும் எனக்கு, வங்காள நண்பர்கள் இன்றும் வாதிடும் பவால் வழக்கே நினைவுக்கு வருகிறது.

டாக்காவை அடுத்த பவால் ஜமீனின் மூன்று குமாரர்களுள் இரண்டாமவர் ரமேந்திர நாராயண் ராய். 1909 மே மாதம் அவர் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்டது. 1921இல் சந்நியாசி ஒருவர் தாமே அந்தக் குமாரர் என்று அறிவித்தார். சகோதரி ஜோதிர்மயி தேவி, குடும்பத்தாருக்கே உரிய சொரசொரப்பான தோலை அவரிடம் கண்டு, உடன்பிறந்தவர் என ஏற்றார். மனைவி விபாவதி தேவியோ இறுதிவரை மறுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த நீதிபதி பன்னாலால் பாசு, 1936இல் சந்நியாசியே குமாரர் எனத் தீர்ப்பளித்தார். 1940இல் உயர்நீதிமன்றமும், 1946 ஜூலையில் இலண்டன் பிரிவி கௌன்சிலும் அதனை நிலைநிறுத்தின. சில நாட்களிலேயே அவர் காலமானார்.

இன்றாயின் சாட்சிகள் இத்தனை பேர் வேண்டியதில்லை. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே, கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனைக் குடியேற்ற அதிகாரிகள் ஐயுற்றனர். தந்தையின் இரத்தம் கிடைக்கவில்லை. தந்தைவழி வந்திருக்க வேண்டிய கூறுகளை உடன்பிறந்தார் இரத்தத்திலிருந்து கணித்து, தாயின் கூறுகளோடு சேர்த்துப் பார்த்து, அவன் அவ்வீட்டுப் பிள்ளையே என்று ஜெஃப்ரிஸ் காட்டினார்.

உடன்பிறந்தாரை ஒப்பிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு குழந்தையும் தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியும் பெறுகிறது. ஆனால் எந்தப் பாதி என்பது சீட்டைக் கலைத்து எடுப்பது போன்றது. ஆகவே உடன்பிறந்த இருவருக்குள் சராசரியாகப் பாதிதான் பொதுவாக இருக்கும். தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை ஒப்பிடலாமே என்றால், மற்ற இரு குமாரர்களும் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சும் வழி, தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் தரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. ஜோதிர்மயிக்கும் சந்நியாசிக்கும் அது மாறுபட்டிருந்தால், ஒரு தாய் மக்கள் அல்லர் என்று துணிந்து கூறலாம். ஒத்திருந்தாலோ அது மட்டும் போதாது; பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் அதுவே இருக்கும். ஏனைய கூறுகளையும் பார்த்தே முடிவுகட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தும், டார்ஜிலிங்கில் அன்று நடந்தது என்ன, மனைவி மறுத்தது ஏன் என்பவற்றை ஆய்வுக்கூடம் சொல்லாது. மேலும், வந்தவரைச் சோதிக்கப் போய், வீட்டிலேயே இருந்த ஒருவரின் தந்தை வேறொருவர் என்று தெரியவரவும் கூடும். எனவே சோதனைக்கு முன், குடும்பத்தார் அனைவரின் சம்மதமும் பெறவேண்டும் என்பேன். வந்தவர் யார் என்று அறிய விரும்பும் உரிமை ஒருவருக்கு இருப்பதுபோல், தம்மைப் பற்றி அறியாதிருக்கும் உரிமையும் மற்றவருக்கு உண்டன்றோ?