விசாரிப்பவர் யார்?

பிள்ளைகள் இருவர் சண்டையிட்டு வந்தால், ஒருவரின் அழுகையை மட்டும் கேட்டு மற்றவரைத் தண்டிப்பீர்களா? மாட்டீர்கள். நீதிபதி மீதே குற்றம் சுமத்தப்படும்போதும் இதுதான் அளவுகோல்.

நம் நாட்டின் முதல் பெண் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. 2012 நவம்பரில் அவருக்கெதிரான குற்றப் பிரேரணையில் ஆளும் தரப்பினர் 117 பேர் ஒப்பமிட்டனர். விசாரித்த தெரிவுக்குழுவின் 11 பேரில் 7 பேர் அதே தரப்பினர். டிசம்பர் 6ஆம் திகதி அவர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சியினர் நால்வரும் விலகினர். அதற்கடுத்த நாளே, மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாக அறிக்கை வந்தது. 2013 ஜனவரி 7இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. ஆயினும் 11ஆம் திகதி பாராளுமன்றம் 155 வாக்குகளால் பிரேரணையை நிறைவேற்றியது. 13இல் அவர் நீக்கப்பட்டார். 2015 ஜனவரி 28இல் மீண்டும் கடமையேற்று, மறுநாள் ஓய்வு பெற்றார்.

அவர் குற்றமற்றவரா என்பது வேறு கேள்வி. நீதிபதியும் விசாரணைக்கு அப்பாற்பட்டவரல்லர். ஆனால், குற்றஞ்சாட்டிய தரப்பே விசாரித்துத் தீர்ப்பும் கூறினால், அது சரியாகவே இருந்தாலும் யார் நம்புவார்? இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாமென்றே நபி (ஸல்) அவர்கள் அலி (ரலி) அவர்களுக்குப் போதித்தார்கள்.

தாபரிப்புக் கேட்டு மன்ற வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அஞ்சாத நீதிபதி வேண்டும். அவரையே இப்படி அகற்றலாமென்றால், அவளுக்குத் துணை யார்? சிந்தியுங்கள்.