இல்லத்தை அலங்கரித்த விஞ்ஞானம்

ஒருவர் தம் இல்லத்தை அழகுபடுத்தத் தேர்ந்தெடுக்கும் பொருள்கள் அவருடைய செல்வத்தை மட்டுமன்றி, அவர் எவற்றை அறிய விரும்பினார் என்பதனையும் காட்டுவனவாம். பொன்னும் பட்டும் ஓவியமும் போலவே, சங்கும் கனியமும் உயிர்ச்சுவடும், பூகோள உருண்டையும் பாரமானியும் ஐரோப்பிய இல்லங்களில் நெடுங்காலமாக அலங்காரப் பொருள்களாய் விளங்கி வந்துள்ளன. இன்றும் பழைய நுணுக்குக்காட்டிகளை விலைகொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைப்போர் பலர் உளர். இவ்வழக்கம் வெறும் ஆடம்பரமா, அன்றி அறிவுக்குத் துணையாவதா என்பதனை அதன் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வரும் மருத்துவரும் தம் இல்லங்களில் அதிசயப் பொருளறைகளை அமைக்கத் தொடங்கினர். நேப்பிள்ஸ் நகரத்து மருந்து வணிகரான பெரான்டே இம்பெராத்தோ 1599இல் வெளியிட்ட நூலில் அத்தகைய அறையொன்றின் சித்திரம் உண்டு. கூரையிலே ஒரு பெரிய முதலை தொங்க, அதனைச் சூழச் சிப்பிகளும் மீன்களும் பொருத்தப்பட்டிருக்கும் காட்சியை அதிற் காணலாம். காண்போரை வியக்கச் செய்தலே இவற்றின் முதல் நோக்கம். எனினும் வியப்பு வினாவாக மாறியபோது விஞ்ஞானம் பிறந்தது. கொப்பனேகன் நகரத்து மருத்துவரான ஒலே வோர்ம் என்பார் இதற்குத் தக்க சான்றாவார். ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பெனவும், நஞ்சை முறிப்பதெனவும் கூறிப் பெருவிலைக்கு விற்கப்பட்டு வந்த பொருள், உண்மையில் நார்வல் என்னும் வடகடல் திமிங்கில இனத்தின் பல்லே என அவர் 1638இல் எடுத்துக்காட்டினார். ஒரு பொருளைச் சேர்த்து வைத்தல் வேறு. அதனை உற்றுநோக்கி ஒப்பிட்டறிதல் வேறு என்பது இதனாற் புலனாகும்.

இலண்டனுக்கு அணித்தாயுள்ள லாம்பெத்தில் வாழ்ந்த தோட்டக்கலைஞர்களான டிரடெஸ்கன்ட் தந்தையும் மகனும் சேர்த்த பொருள்களுக்கு 1656இல் ஒரு பட்டியல் அச்சிடப்பட்டது. அதில் மொறீசியஸ் தீவின் டோடோப் பறவையும் இடம்பெற்றது. இத்தொகுதி பின்னர் இலியாஸ் ஆஷ்மோல் என்பாரிடம் சென்று, அவர் வழியாக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்து, 1683இல் திறக்கப்பட்ட நூதனசாலைக்கு அடிப்படையாயிற்று. பறவையின் உடல் காலப்போக்கிற் சிதைந்தது. தலையும் ஒரு காலுமே எஞ்சின. டோடோ இனமோ பதினேழாம் நூற்றாண்டிலேயே உலகினின்றும் அற்றுப்போயிற்று. ஆயினும் எஞ்சிய அச்சிறு பகுதியிலிருந்து பெற்ற மரபணுச் சான்றுகள், அது புறாக்களுக்கு உறவான பறவை என்பதனை 2002இல் உறுதிப்படுத்தின. ஒரு வீட்டின் காட்சிப்பொருள் முந்நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும் புதிய விடையளித்தமைக்கு, அது இன்ன பொருளென எழுதிவைக்கப்பட்டமையும் ஒரு காரணமாகும்.

சேகரங்களைப் போலவே கருவிகளும் இல்லத்தினுட் புகுந்தன. டொரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் 1643இல் இரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு வளியமுக்கத்தை உணர்த்தினார். அக்கருவி பின்னர்ச் செதுக்கு வேலைப்பாடமைந்த மரச்சட்டத்தினுள் அமைந்து கூடத்துச் சுவரை அணிசெய்தது. லூசியன் விடி என்னும் பிரான்சியர் 1844இல் திரவமில்லாத பாரமானியை அமைத்தார். காற்றகற்றிய உலோகப் பெட்டியின் மெல்லிய சுவர் அமுக்கத்திற்கேற்ப அசைய, அவ்வசைவு நெம்புகளாற் பெருக்கப்பட்டு முள்ளைத் திருப்பும். சுவரில் தொங்கும் இவ்வணிகலன், நாள்தோறும் நோக்கிக் குறித்து வருவோர்க்கு ஓர் ஆசானுமாகும்.

இவ்வழக்கத்தின் நன்மை தீமை இரண்டையும் ஒருங்கே காட்டுவது வார்டின் கண்ணாடிப் பெட்டி. இலண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட், மூடிய போத்தலிலிருந்த ஈரமண்ணிற் பன்னமொன்று தானே முளைத்து வளர்வதை 1829 அளவிற் கண்டார். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையே அடைவதால், செடி நெடுநாள் வாடாது நின்றது. இப்பெட்டி வரவேற்பறைகளின் அலங்காரமாயிற்று. கடல் கடந்து செடிகளைக் கொண்டு செல்லவும் அதுவே உதவிற்று. 1876இல் கியூ பூங்காவிலிருந்து இரப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்தது இத்தகைய பெட்டிகளிலேயே. இந்நாட்டின் இரப்பர்ச் செய்கைக்கு அவையே வித்தாயின. ஆனால் அதே பெட்டியை நிரப்பும் ஆசை இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பன்னப் பித்தாகப் பெருகியது. மக்கள் காட்டுப் பன்னங்களை வேரோடு பறித்தமையால், கில்லானிப் பன்னம் போன்ற அரிய இனங்கள் பல இடங்களில் அருகிப்போயின. இயற்கையின்பால் வைத்த அன்பே இயற்கைக்கு ஊறாய் முடிந்தது.

ஆதலின் இத்தகைய பொருள்களைச் சேர்ப்போர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, எங்கே, எப்பொழுது, எவரால் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பை ஒவ்வொரு பொருளோடும் வைத்தல். குறிப்பிழந்த உயிர்ச்சுவடு அறிவுப் பயனிற் பெரும்பகுதியை இழந்துவிடும். இரண்டாவது, பழம்பொருளின் நச்சுத்தன்மையை அறிதல். பாடஞ்செய்த பழைய பறவைகளிற் பல ஆசனிக்குப் பூசப்பட்டவை. இருளில் ஒளிரும் பழைய கடிகார முகங்களிற் சில இரேடியம் தீட்டப்பட்டவை. உடைந்த பாரமானியின் இரசம் நச்சாவியை விடும். மூன்றாவது, உயிருள்ளவற்றை அழித்துச் சேகரியாமை. ஆமையோடு, யானைத்தந்தம், பவளம் ஆகியவற்றின் வாணிபத்தை 1975இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்துகின்றது.

இந்நெறிகளைப் பேணுவோர்க்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கிய வெறுஞ் சிப்பிகள் சில, ஒரு கைவில்லை, கண்டவற்றை நாளும் குறித்து வைக்கும் ஒரு குறிப்பேடு என்பனவே போதும். அவை வைக்கப்பட்ட மூலை வீட்டிற்கு அழகு தருவதோடு, அவ்வீட்டுப் பிள்ளைகளை வினவவும் தூண்டும்.