43 வயசில் ஹார்ட் அட்டாக்: ஜீனா, வாழ்க்கை முறையா?

போன வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு ஹார்ட் அட்டாக். வயசு 43. ஒல்லியான ஆள், சிகரெட் கிடையாது. நெஞ்சு எரிச்சலை கேஸ் ட்ரபிள் என்று நினைத்து, சோடா குடித்தே இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டார். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்துட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் ஜீன்ஸ்ங்க, நம்ம கையில என்ன இருக்கு?"

எனக்கும் அதே வயசு. என் அப்பாவுக்கு 52-ல் வந்தது. அதனால் அந்த வாக்கியம் உண்மையா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். படித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் எண்களை ஒரு ரிஸ்க் கால்குலேட்டரில் போட்டேன். "குறைவு" என்று வந்தது. இந்தக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர். 1948-ல் 5,209 பேரை வைத்து அங்கே ஆய்வு தொடங்கியது. கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். ஒரே கஸ்டமரோட டேட்டாவில் டெஸ்ட் பண்ணிட்டு உலகம் முழுக்க ரிலீஸ் பண்ணின மாதிரிதான். பிரிட்டனின் க்யூ-ரிஸ்க் கணக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். மற்ற எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் நமக்கு ரிஸ்க் கூடுதலாகவே காட்டும்.

அப்போ ஜீன்தான் காரணமா? இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற ஜீன். இதில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு வடிவம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் எழுதியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் பங்கெடுத்த வேலை. நம் மக்களைப் பரிசோதித்ததால்தான் இது தெரிய வந்தது. ஆனால் இது இதயத் தசை பலவீனமாகும் நோய் சம்பந்தப்பட்டது. ரத்தக்குழாய் அடைத்து வரும் ஹார்ட் அட்டாக் வேறு. செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பி விடுகிறார்கள். இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை.

இரண்டு, லைப்போபுரோட்டீன்-ஏ. கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் ஒரு துகள். இதன் அளவைப் பெரும்பாலும் ஜீன்தான் தீர்மானிக்கிறது. சாப்பாட்டை மாற்றினாலும் பெரிசா குறையாது. அடைப்புக்கு நேரடித் தொடர்பு உண்டு. சாதாரண லிப்பிட் டெஸ்டில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள், 50 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் சொல்லியிருக்கிறது.

சரி, மிச்சம்? அதற்கு இன்டர்ஹார்ட் ஆய்வுக்கு வர வேண்டும். 52 நாடுகள், ஹார்ட் அட்டாக் வந்தவர்கள் சுமார் 15,000 பேர், வராதவர்கள் அதே அளவு. 2004-ல் வெளியானது. புகை, பிபி, சுகர், கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம், உடற்பயிற்சி, மது என்ற ஒன்பதும் சேர்ந்து ஆண்களின் ரிஸ்க்கில் 90 சதவீதத்தை விளக்கின. 2007-ல் தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். முதல் அட்டாக் நமக்குச் சராசரியாக 53 வயசில், மற்றவர்களுக்கு 58-க்கு மேல். காரணம்? அதே ஒன்பதுதான் பெரும்பாலும். நமக்கு அவை சின்ன வயசிலேயே வந்துவிடுகின்றன. நோய் இல்லாத தெற்காசியர்களிலேயே ஓரளவாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 6 பேர். மற்ற இடங்களில் 22 பேர்.

ஆக ஜீன் உண்டு. ஆனால் அது "கையில் ஒன்றும் இல்லை" என்பதற்குச் சாக்கு ஆகாது.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. பாடி மேம்பாலம் தாண்டினால் திருமங்கலம். டாக்டர் வி. மோகன் குழு நடத்திய சென்னை நகர்ப்புற ஆய்வில் அங்கிருந்த ஏஷியாட் காலனியும் தி.நகரில் ஒரு ஏழைக் குடியிருப்பும் இருந்தன. பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்ததாக 2001-ல் எழுதினார்கள். அதோடு நிற்காமல் காலனிக்காரர்களிடம் பேசினார்கள். அவர்கள் சொந்தக் காசு போட்டு ஒரு பூங்கா அமைத்து நடக்க ஆரம்பித்தார்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் சுமார் 14 சதவீதத்திலிருந்து பாதிக்கு மேல் போனார்கள். ஜீன் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான்.

என் ரிசல்ட்: லைப்போபுரோட்டீன்-ஏ 68. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. (நம் ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80). முதல் எண்ணை என்னால் மாற்ற முடியாது. அது அப்படி இருப்பதால்தான் மற்ற எண்களில் எனக்குச் சலுகை இல்லை என்று டாக்டர் சொல்லி, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். ஆவடியில் இருக்கும் தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றான். நாங்கள் ஒரே அப்பாவின் பிள்ளைகள். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் வீட்டிலும் 55-க்குள் யாருக்காவது அட்டாக் வந்திருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நெஞ்சு எரிச்சலோடு வியர்த்தால் சோடா தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.