எந்த ஈ என்று அறிவது எப்படி?

ஈ என்றவுடன் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். உணவின்மீது அமர்ந்து நோய் பரப்பும் வீட்டு ஈ ஒன்றையே நாம் நன்கு அறிந்திருப்பதே அதற்குக் காரணம். ஆனால், பிற உயிர்களின் உடலைத் தின்று வளரும் ஒட்டுண்ணி ஈக்களும் உள்ளன. அவற்றுள் பல பயிருக்கு நண்பர்கள். ஒன்று மாட்டுக் கொட்டகைக்குப் பெரும் பகை. பறக்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருப்பின் வேற்றுமை புலப்படும்.

முதலில் இறக்கைகளை எண்ணுதல் வேண்டும். ஈக்கு இறக்கைகள் இரண்டே. அவற்றின் பின்னே குண்டூசித் தலை போன்ற இரு சிறு குமிழ்கள் உண்டு. பறக்கும்போது நிலை தடுமாறாமல் காப்பவை அவையே. இறக்கைகள் நான்காயின் அது குளவி இனமாகும். கம்போங் ராஜா வட்டாரத்துக் கோசுத் தோட்டங்களை நாம் அறிவோம். கோசு இலையைச் சல்லடையாக்கும் புழுவை அடக்க, 1970களில் டயாடெக்மா என்னும் சிறு பூச்சி கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனை ஈ என்று கருதிவிடக் கூடும், அது குளவியே.

இனி, பயிருக்கு நன்மை செய்யும் ஈயைக் காண்போம். டக்கினிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பல ஈக்கள் வீட்டு ஈயைப் போலவே சாம்பல் நிறமுடையவை. எனினும் அவற்றின் வயிற்றுப் பகுதியில் முட்கள் போன்ற தடித்த மயிர்கள் சிலிர்த்து நிற்கும். வீட்டு ஈயின் உணர்கொம்பிலுள்ள இழை இறகுபோல் கிளைத்திருக்கும்; டக்கினிட் ஈக்கோ அது பெரும்பாலும் வெறும் இழையாகவே இருக்கும். மார்பின் பின்முனையில் கேடயம் போன்ற சிறு தட்டு ஒன்று உண்டு. அதன் அடியில் இன்னொரு மேடு புடைத்திருந்தால் அது டக்கினிட் ஈ என்று துணியலாம். இவற்றுள் பல, கம்பளிப்புழுவின் உடல்மீது முட்டையிடும். பொரித்த புழு உள்ளே புகுந்து, அதனைத் தின்றே வளரும். ஆகவே, முதுகில் வெண்ணிறப் புள்ளிகள் போன்ற முட்டைகள் ஒட்டியுள்ள கம்பளிப்புழுவைக் கண்டால் அதனை நசுக்காமல் விட்டுவிடுவது நலம்.

இத்தகைய ஈ ஒன்று நம் நாட்டிலிருந்து கடல் கடந்தும் சென்றுள்ளது. பிஜித் தீவில் லெவுவானா என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் தென்னை ஓலைகளை அரித்துத் தின்றன. 1925இல் மலாயாவிலிருந்து பெஸ்ஸா ரெமோட்டா என்னும் டக்கினிட் ஈக்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன. உயிருடன் போய்ச் சேர்ந்தவை 315 மட்டுமே. அவற்றைப் பெருக்கிப் பறக்கவிட்டனர். ஓரிரு ஆண்டுகளுக்குள் தென்னைகள் மீண்டும் தழைத்தன. ஆனால் அந்த ஈ வேறு அந்துப்பூச்சிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனிப் பகைவனைப் பார்ப்போம். மாட்டின் புண்ணில் “புழு வைத்துவிட்டது” என்று நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். எல்லா ஈயின் புழுவும் உயிருள்ள தசையைத் தின்பதில்லை. பல, அழுகியதை மட்டுமே தின்னும். உயிருள்ள தசையை மட்டுமே உண்டு வளர்வது கிரைசோமியா பெசியானா என்னும் ஈயின் புழு. 1914இல் பெயரிடப்பட்ட இந்த ஈயே இந்தியாவில் மனிதர், கால்நடை ஆகியோரின் புண்களில் புழு வைக்கிறது என்பதை 1920ஆம் ஆண்டையொட்டி எடுத்துக்காட்டியவர் பேட்டன் என்னும் மருத்துவர். அவர் முன்னர்ச் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றியவர்.

அந்த ஈ நீலமும் பச்சையும் கலந்து பளபளக்கும்; முகம் மஞ்சள் நிறமுடையது. குப்பையிலும் மலத்திலும் மொய்க்கும் கிரைசோமியா மெகாசெபலா என்னும் ஈயும் ஏறத்தாழ அவ்வாறே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, இறக்கை உடலோடு சேரும் இடத்திலுள்ள சிறு செதில்களை நோக்குக. கீழ்ச்செதில் மெழுகுபோல் வெளுத்திருந்தால் அது புண்ணில் புழு வைக்கும் ஈ. கருத்திருந்தால் குப்பை ஈ.

ஈயைப் பிடிப்பதே பெரும்பாடு என்பீர்கள், உண்மைதான். புண்ணையும் புழுவையும் பார்ப்பது எளிது. இந்த ஈ, புண்ணின் ஓரத்தில் ஓடு வேய்ந்தாற்போல் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை அடுக்கி வைக்கும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே புதைத்து, வால்முனையை மட்டும் வெளியே காட்டியபடி ஆழத் துளைக்கும். அவற்றின் உடலைச் சுற்றி முட்களாலான வளையங்கள் உண்டு. பிறந்த கன்றின் தொப்புளே இந்த ஈக்கு மிகவும் வாய்ப்பான இடம். உண்ணி கடித்த சிறு புண்ணும் போதும். கவனியாது விட்டால் மாடு இறந்தும் போகலாம்.

ஆகையால், கன்று ஈன்றவுடன் தொப்புளுக்கு மருந்திட்டு, ஒவ்வொரு நாளும் பார்த்து வருதல் வேண்டும். புண்ணிலிருந்து எடுத்த புழுக்களை மண்ணில் எறிதல் கூடாது. வளர்ந்த புழு மண்ணுக்குள் புகுந்து கூடாகி, மீண்டும் ஈயாக வெளிவரும். அவற்றுள் சிலவற்றை 80 விழுக்காட்டு எத்தனால் உள்ள குப்பியில் இட்டு, கால்நடைச் சேவைத் துறையினரிடம் கொடுத்தால், நுண்ணோக்கியில் பார்த்து இன்ன ஈயின் புழு என்று கூறுவர். புழுவின் முன்பகுதியில் இருபுறமும் விரல்கள் போன்ற மூச்சுத்துளைகள் உள்ளன. அவர்கள் எண்ணிப் பார்ப்பவற்றுள் அந்த விரல்களும் ஒன்று. பெசியானாவுக்குப் பக்கத்திற்கு 4 முதல் 6 வரை இருக்கும்.