அடைசல் போனால் அழகு வரும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு வீட்டு அலங்காரம் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் பக்கத்து பெஞ்சுத் தோழி சிரித்துவிட்டாள். “ஒங்க வீட்ல அலங்காரம் பண்ண எங்கடி எடம் இருக்கு?” என்றாள். அவள் கேட்டது சரிதான். எங்கள் வீடு ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு திண்ணை, அவ்வளவுதான். அதில் அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி, நான் என்று ஐந்து பேர் இருக்கிறோம். ஆனால் சின்ன வீட்டுக்குத்தான் இந்தக் கட்டுரை ரொம்பத் தேவை.

எங்கள் வீட்டில் எது வந்தாலும் வெளியே போகாது. “இருக்கட்டும், என்னைக்காச்சும் உதவும்” என்று அம்மா எடுத்து வைத்துவிடுவார். பரண் மேலே 2011க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டிகள் இன்னும் இருந்தன. மிக்சியே ரிப்பேராகிப் போய்விட்டது, பெட்டி மட்டும் பத்திரம்! அதற்கு முன்னாடி கொடுத்த கலர் டிவியும் ஓடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது. சாமி படம் போட்ட காலண்டரைக் கிழிக்கக் கூடாது என்று ஒரே ஆணியில் ஏழு வருசத்துக் காலண்டர் தொங்கியது. கட்டிலுக்கு அடியில் பழைய பேப்பர்க் கட்டு.

போன கார்த்திகை மாதம் ஒருநாள் ராத்திரி, அந்தப் பேப்பர்க் கட்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த தம்பியைத் தேள் கொட்டிவிட்டது. அவனுக்கு ஆறு வயசுதான். வாந்தி எடுத்து, வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டுப் போச்சு. 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவே இல்லை.

தேள் ஏன் வந்தது?

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தேள் பகலில் இருட்டான, இடுக்கான இடத்தில் ஒளிந்திருக்கும், ராத்திரி இரை தேடி வெளியே வரும், கரப்பான் போன்ற பூச்சிகள் அதற்கு இரை என்று சொன்னார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேப்பரும் அட்டையும் சேர்ந்தால் கரப்பான் சேரும். கரப்பான் சேர்ந்தால் தேள் வரும். அதே மாதிரி சிந்திக் கிடக்கும் தானியத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் வலிகூடப் பெரிசாகத் தெரியாதாம். நம்மில் பாதிப் பேர் தரையில்தான் படுக்கிறோம். யோசித்துப் பாருங்கள். (தேளோ பாம்போ கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

நாங்கள் செய்தது என்ன?

போகிக்கு முன்னாடி வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வாசலில் வெயிலில் பரப்பினோம். பார்த்தால் மூன்று வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது! கையை விட்டு எடுக்காமல் முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுத்தான் எடுத்தோம். பிறகு மூன்று குவியலாகப் பிரித்தோம்.

1. போன ஒரு வருசத்தில் நாங்கள் உபயோகித்தது. இது வீட்டுக்குள்ளே போகும்.
2. நல்லா இருக்கு, ஆனால் எங்களுக்கு வேண்டாம். தம்பிக்குச் சின்னதாகப் போன சட்டைகள், என் பழைய பாடப் புத்தகங்கள் இப்படி. இது தேவைப்படுகிறவர்களுக்கு.
3. யாருக்கும் உதவாதது. இது பழைய பேப்பர், இரும்பு வாங்குகிறவருக்கு.

போகிக்கு எரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக், டயர், ரப்பர் இவற்றை எரித்தால் வரும் நச்சுப்புகையை நாம்தான் சுவாசிக்கிறோம். ஓடாத டிவியையும் உடைக்கக் கூடாது. பழைய டிவிக் குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எலக்ட்ரானிக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் டிவி அதற்காகத்தான் இன்னும் திண்ணை ஓரத்தில் காத்திருக்கிறது.

நான் செய்த தப்பு

மூன்றாவது குவியலில் ஒரு பழைய ஓலைப்பெட்டியைத் தூக்கிப் போட்டேன். விளிம்பு பிய்ந்து கறுத்துப் போயிருந்தது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்து கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணில் தண்ணி. “அது எங்காத்தா எனக்கு மொடஞ்சு குடுத்ததுடி. கல்யாணத்தன்னைக்கு அதுலதான் வெத்தல பாக்கு கொண்டாந்தேன்” என்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓடிப் போய் எடுத்து வந்தேன். அடுத்தவர் சாமானை அவரைக் கேட்காமல் எறியக் கூடாது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அம்மாவின் அட்டைப் பெட்டியையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்.

இனி அலங்காரம்

செலவில்லாமல் செய்யலாம். நாங்கள் செய்தவை:

சுண்ணாம்பு: சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டி, துளி நீலம் சேர்த்துச் சுவருக்கு அப்பா அடித்தார். அடித்தவுடனே மங்கலாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பளிச்சென்று ஆனது. சுவரில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுவதுதான் காரணம். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அறையே பெரிசாகத் தெரிகிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒரு சுவருக்கு ஒரு பொருள்: காலண்டர் ஒன்றே ஒன்று, இந்த வருசத்தது மட்டும். பழைய சாமி படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்து அட்டையில் ஒட்டி மாடக்குழிக்கு மேலே மாட்டினோம். நிறைய மாட்டினால் எதுவுமே கண்ணில் படாது. ஒன்றை மாட்டினால் அதைப் பார்ப்போம்.

கண்ணாடி: ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் அறைக்குள் வெளிச்சம் கூடும். பகலில் லைட் போட வேண்டியதில்லை.

திரை: அம்மாவின் பழைய வாயில் சேலையை வெட்டி அலமாரிக்குத் திரை தைத்தோம்.

செடி: பாட்டிலில் மணிபிளான்ட் வைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் போதும். முட்டை தண்ணி இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால்தான் தேய்க்கச் சொல்கிறேன். கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, டயர் இவற்றிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

கோலம்: வாசலில் பச்சரிசி மாவுக் கோலம். இதைவிட அழகான, இடத்தை அடைக்காத அலங்காரம் உண்டா? எறும்புக்கும் தீனி.

திரும்பவும் சேராமல் இருக்க எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். புதுசாக ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். முதலில் இந்தச் சட்டத்தை மீறியது நான்தான்! திருவிழாவில் இரண்டு வளையல் டப்பா வாங்கிவிட்டேன். பழைய டப்பாவைத் தம்பியே எடுத்துக் கொண்டு போய்விட்டான், அவனுக்குக் கோலி வைக்க வேண்டுமாம்.

கட்டிலுக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. தம்பி படுக்கும்முன் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறான். டிவி இருந்த மூலையில் ஒரு பலகை போட்டு நான் படிக்கிறேன். அதற்கு நேர் மேலே அப்பத்தாவின் ஓலைப்பெட்டி ஆணியில் தொங்குகிறது. ஈரத்துணியால் துடைத்து, பிய்ந்த விளிம்பைச் சிவப்பு நூலால் நானே கட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் “இது எங்க வாங்குனது?” என்று கேட்கிறார்கள். அப்பத்தா உடனே அதன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தம்பிக்கு நிம்மதியான தூக்கத்தையும், எனக்குப் படிக்க ஒரு இடத்தையும் கொடுத்திருக்கிறது. தோழி, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார இடம் இருக்கு!



ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி